வேலை நாள் இரவுச் சாப்பாடு: வீட்டுக்குள் நுழைந்து முக்கால் மணி நேரத்தில் தட்டு போடுவது எப்படி

மாலை 7.10. நான் செருப்பைக் கழற்றும்போதே மகள் கேட்டுவிடுவாள்: "அப்பா, இன்னைக்கு என்ன?" பிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். அரை முட்டைக்கோஸ், கொஞ்சம் மாவு, காலையில் வைத்த ரசம். மூடுவேன். மறுபடி திறப்பேன். அதற்குள் பையன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்திருப்பான். தாம்பரம் ரயிலில் வந்துகொண்டிருக்கும் மனைவி "என்ன பண்றீங்க?" என்று செய்தி அனுப்பும் நேரத்தில் நான் பரோட்டாவும் சால்னாவும் ஆர்டர் போட்டிருப்பேன். அது வந்து சேர 8.30 ஆகிவிடும். வாரத்தில் மூன்று நாள் இதே கதை.

ஒரு நாள் வீட்டில் சமைத்தபோது கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அடுப்பு எரிந்தது 25 நிமிடம்தான். மீதி முக்கால் மணி நேரம் என்ன செய்வது என்று யோசித்ததிலும், வெங்காயம் உரித்ததிலும், துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்ததிலும் போயிருந்தது. இந்த மூன்று வேலையையும் மாலையிலிருந்து எடுத்து வேறு நேரத்துக்குத் தள்ளிவிட்டால் போதும், சமையல் தானாக நடக்கும். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கீழே வரும் அளவுகள் எல்லாம் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகளுக்கு.

எவ்வளவு காய், எவ்வளவு பருப்பு

நம் வீட்டு இரவு டிபனில் ஒரு குறை உண்டு. இட்லி, தோசை, சப்பாத்தி, உப்புமா எல்லாமே மாவுச்சத்து. தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி சட்னி. காய் என்றால் குருமாவில் மிதக்கும் நான்கு காரட் துண்டு.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவரின் ஒரு நாள் தட்டில் 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதில் மூன்றில் ஒரு பங்கு இரவுக்கு என்று வைத்தால், நான்கு பேருக்கு அரைக் கிலோ காயும், சுமார் 100 கிராம் பருப்போ பயறோ வருகிறது. பிள்ளைகள் கொஞ்சம் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். இருந்தாலும் நான் மனதில் வைத்திருப்பது அந்த அரைக் கிலோ, 100 கிராம் கணக்குதான். முதல் தடவை அரைக் கிலோ காயைத் தராசில் வைத்துப் பார்த்தபோது ஆடிப்போனேன். அதுவரை நாங்கள் அதில் பாதிகூடச் சாப்பிட்டதில்லை.

கிழமையைக் கட்டிப்போடுங்கள்

"இன்னைக்கு என்ன?" என்ற கேள்விக்குக் கிழமையே பதில் சொல்லட்டும். எங்கள் வீட்டுக் கிழமைகளை முடிவு செய்வது மாவின் புளிப்பு. சனிக்கிழமை மாலை அரைத்த மாவு ஞாயிறு காலை பொங்கியிருக்கும். திங்கள் இட்லிக்கு அது பக்குவம். செவ்வாய், புதன் என்றால் தோசைக்குச் சரியாக இருக்கும். வியாழன் ஆனால் புளிப்பு ஏறிவிடும், இட்லி சரிப்படாது. வெங்காயம், காரட், குடைமிளகாய் எல்லாம் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஊற்றினால் அந்தப் புளிப்பே ருசி.

இப்போது ஓடும் பட்டியல் இது: திங்கள் இட்லியும் பாசிப்பருப்பு சாம்பாரும், செவ்வாய் அரிசிம்பருப்பு சாதம், புதன் அடை, வியாழன் ஊத்தப்பம், வெள்ளி சப்பாத்தியும் முட்டைத் தொக்கும். ஐந்தும் அலுத்துப்போனால் ஒன்றை மாற்றுவோம். இரண்டை ஒரே வாரத்தில் மாற்றுவதில்லை, கடைப் பட்டியல் குழம்பிவிடும். பட்டியலை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வந்து முணுமுணுப்பார்கள். ஆனால் என்ன என்று கேட்க மாட்டார்கள்.

சனி, ஞாயிறு வேலை

மாவு: இட்லி அரிசி 4 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி. அரிசி 4 மணி நேரம், உளுந்து 1 மணி நேரம் ஊறினால் போதும். வெயில் காலத்தில் உளுந்துக்குப் பிரிட்ஜ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். கிரைண்டர் சூட்டில் மாவு வதங்கிப்போனால் இட்லி கல் மாதிரி வரும். சென்னை வெயிலில் 7, 8 மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் இன்னும் நேரம் எடுக்கும். பொங்கியதும் கரண்டி போட்டுக் கலக்காமல் அப்படியே பிரிட்ஜுக்குள் வையுங்கள். இந்த அளவு மூன்று நான்கு வேளைக்கு வரும். கிரைண்டர் இல்லையா? கடை மாவு வாங்குங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. பாக்கெட்டில் தேதி பார்த்து, பிரிட்ஜில் வைத்து விற்கும் கடையாக வாங்கினால் போதும்.

கொண்டைக்கடலை: கறுப்புக் கொண்டைக்கடலை கால் கிலோவைச் சனி இரவு ஊறப்போடுங்கள். ஞாயிறு காலை உப்புப் போட்டு 5, 6 விசில், அப்புறம் சிறு தீயில் 10 நிமிடம். வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். தண்ணீரை வடித்து மூன்று டப்பாவில் போட்டு உறைய வைக்கும் அறையில் அடுக்கிவிடுங்கள். ஒரு டப்பாவை எடுத்தால் 5 நிமிடத்தில் சுண்டல். தாளித்துத் தேங்காய் போட்டு, மேலே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கடலையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும்.

தக்காளித் தொக்கு: இதுதான் என் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நன்றாகப் பழுத்த தக்காளி 1 கிலோவை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், மையாக அரைக்க வேண்டாம். அடிகனமான வாணலியில் நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி ஊற்றி, கடுகு வெடித்ததும் பெருங்காயம், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு 10 பல். பூண்டு சிவந்ததும் தக்காளி விழுது, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் 2 மேசைக்கரண்டி, உப்பு. முதல் 10 நிமிடம் எரிமலை மாதிரித் தெறிக்கும், பாதி மூடி வையுங்கள். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு அவ்வப்போது கிளறினால், அரை மணி நேரத்தில் விழுது சுருண்டு ஓரத்தில் எண்ணெய் கசியும். கரண்டியால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கும். அதுதான் பதம். வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி தூவி இறக்குங்கள். ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பிரிட்ஜில் வைத்து ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் தாங்கும். தோசைக்கு, அடைக்கு, சப்பாத்திக்கு, சூடான சாதத்துக்கு, முட்டைக்கு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே.

காய்: பீன்ஸ், காரட், கோஸ், அவரை, கோவைக்காய் ஆகியவற்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி டப்பாவில் போட்டால் மூன்று நான்கு நாள் இருக்கும். டப்பாவின் அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், வாழைக்காய் மூன்றையும் முன்கூட்டி நறுக்கக் கூடாது. ஆர்வக்கோளாறில் முதல் வாரமே ஒரு கிலோ உருளையை நறுக்கி வைத்துவிட்டுப் புதன்கிழமை திறந்தேன். கரி மாதிரி இருந்தது. வெண்டைக்காயும் வேண்டாம், கொழகொழத்துவிடும்.

முன்கூட்டி நறுக்கினால் சத்துப் போய்விடுமே என்பார்கள். வைட்டமின் சி ஓரளவு குறையத்தான் செய்யும். ஆனால் நறுக்க நேரமில்லாமல் வெள்ளிக்கிழமை வாடிக் குப்பைக்குப் போகும் பீன்ஸில் யாருக்கும் ஒரு சத்தும் கிடையாது.

சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. இது பிள்ளைகள் வேலை. ஒரு மூடித் தேங்காயைத் துருவிச் சின்னச் சின்னப் பொட்டலமாக உறைய வையுங்கள். மொத்தமாக வைத்தால் கல்லாகிவிடும், ராத்திரி கத்தியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

காலையில் ஐந்து நிமிடம்

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை பட்டியலைப் பாருங்கள். ஊறப்போட வேண்டியதை ஊறப்போடுங்கள், உறைந்ததை எடுத்துக் கீழ்த் தட்டில் வையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: காலை 8 மணிக்கு அரிசியும் பருப்பும் ஊறப்போட்டு மேடையிலேயே விட்டுவிட்டுப் போனால், சித்திரை வெயிலில் மாலைக்குள் வாடை வந்துவிடும். பாத்திரத்தோடு பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். உள்ளேயும் ஊறும்.

இனி அடுப்பு

திங்கள், இட்லியும் சாம்பாரும். பாசிப்பருப்பு அரை டம்ளருக்குச் சற்று மேல். அதைக் குக்கரில் போட்டு, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி 2, பீன்ஸ், காரட், பூசணி, ஒரு கத்தரிக்காய் எல்லாமாக அரைக் கிலோ. மஞ்சள் தூள், சாம்பார் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு, தண்ணீர் 3 டம்ளர். 3 விசில். புளி வேண்டாம், தக்காளியே போதும். விசில் அடங்கும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் இட்லி வெந்துவிடும். திறந்து, கரண்டியால் ஒரு மசி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து மல்லி தூவினால் முடிந்தது. 30 நிமிடம்.

பாசிப்பருப்பு நுரைத்துப் பொங்கும் சாமான். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நான் ஒரு நாள் மூன்று லிட்டர் குக்கரை முக்கால்வாசிக்கு நிரப்பினேன். இரண்டாவது விசிலில் மஞ்சள் தண்ணீர் சுவர் ஓடு வரைக்கும் பீய்ச்சி அடித்தது. சாப்பிட்டது பத்து நிமிடம், துடைத்தது அரை மணி நேரம்.

செவ்வாய், அரிசிம்பருப்பு சாதம். கொங்கு நாட்டுக்காரர்கள் இதற்கென்று பெரிதாக மெனக்கெட மாட்டார்கள். ஒரே குக்கர், ஒரே வேலை. வீட்டுக்குள் நுழைந்ததும், கைகால் கழுவும் முன், பொன்னி அரிசி ஒன்றரை டம்ளரையும் துவரம் பருப்பு அரை டம்ளரையும் ஒன்றாகக் கழுவி ஊறப்போடுங்கள். நீங்கள் உடை மாற்றி, பிள்ளையின் டைரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் கால் மணி நேரம் ஆகியிருக்கும். குக்கரில் கடலெண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு, சீரகம், வரமிளகாய் 3, கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் 15, தட்டிய பூண்டு 8 பல், நன்றாக வதங்கியதும் தக்காளி 2. தட்டிய மிளகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு. தண்ணீர் ஐந்தரை டம்ளர் ஊற்றிக் கொதி வந்ததும் அரிசி, பருப்பைப் போட்டு மூடி 3 விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். கிளறி, மேலே நெய் விட்டு ஐந்து நிமிடம் விட்டால் இறுகி வரும்.

காயைக் குக்கருக்குள்ளேயே போடலாம். ஆனால் கோவையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதில் காரட்டைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார், "பிரிஞ்சியா இது?" என்றும் கேட்டார். அதிலிருந்து காயைத் தனியாகப் பொரியலாக வைக்கிறேன். நறுக்கின கோஸ் அரைக் கிலோ, ஒரு தாளிப்பு, 8 நிமிடம், தேங்காய்த் துருவல். கூட தயிர் வெங்காயம். குக்கர் விசில் அடிப்பதற்குள் பொரியல் தயார்.

புதன், அடை. இந்தப் பட்டியலில் சத்தில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். இட்லி அரிசி 1 டம்ளர், கடலைப் பருப்பு, துவரம் பருப்பு தலா அரை டம்ளர், உளுந்து 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாகவே காலையில் ஊறப்போட்டுவிடலாம். மாலையில் வரமிளகாய் 5, இஞ்சி ஒரு துண்டு, பெருங்காயம், உப்போடு மிக்ஸியில் கொரகொரப்பாக அரையுங்கள். மையாக அரைத்தால் அது தோசை, அடை இல்லை. புளிக்க வைக்க வேண்டியதே இல்லை, அரைத்ததும் வார்க்கலாம். முருங்கைக்கீரை இரண்டு கை அள்ளிப் போடுங்கள், பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய காரட் அல்லது சுரைக்காயும். கையால் கலந்தால் கீரை கட்டி கட்டாது.

கல் காய்ந்ததும் தீயைக் குறையுங்கள். மாவைக் கெட்டியாகப் பரப்பி, நடுவில் விரலால் ஒரு குழி, குழியிலும் ஓரத்திலுமாக ஒரு தேக்கரண்டி எண்ணெய். அந்தக் குழியில் எண்ணெய் சின்னச் சின்னக் குமிழாகக் கொதிக்கும். அது அடங்கி, ஓரம் செம்பொன் நிறத்தில் கல்லை விட்டுத் தானாக எழும்பினால் திருப்பலாம். அவசரப்பட்டால் பருப்பு வேகாது, பிள்ளைக்கு ராத்திரி வயிறு வலிக்கும். ஒரு அடைக்கு 5 நிமிடம் பிடிக்கும் என்பதால் இரண்டு கல் போடுங்கள். இரண்டாவது தோசைக்கல் வாங்கியதுதான் என் சமையலறையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான செலவு. தொட்டுக்கொள்ள அவியல்தான் பொருத்தம். புதன்கிழமை யார் அவியல் செய்வது? தொக்கு, இல்லையென்றால் வெல்லமும் வெண்ணெயும்.

அம்மா வந்து தங்கும் மாதங்களில் இந்த இடத்தில் ஒரு தகராறு வரும். "ராத்திரியில கீரையாடா?" கீரை, தயிர், இஞ்சி மூன்றும் இரவில் ஆகாது என்று வளர்ந்தவர். இரவில் இவை விஷமாகிவிடும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் நான் பார்த்ததில்லை. ஆனால் நார்ச்சத்து மிகுந்ததை வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் சிலருக்கு மந்தமாக இருக்கும் என்பது சரி. அவருக்கு மட்டும் கீரை போடும் முன் இரண்டு அடை வார்த்துவிடுவேன். வாக்குவாதம் பண்ண நேரமில்லை.

வியாழன் ஊத்தப்பத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாவு எவ்வளவோ அதே அளவு காய், மேலே தூவிக் கரண்டியால் அழுத்தி, மூடி போட்டு வேகவையுங்கள். கூட ஒரு டப்பா சுண்டல். 25 நிமிடம்.

வெள்ளி, சப்பாத்தி. மாவை முதல் நாள் இரவே பிசைந்து, எண்ணெய் தடவி மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இன்னும் மிருதுவாக வரும். தேய்ப்பதற்கு ஒருவர், சுடுவதற்கு ஒருவர் இருந்தால்தான் இது வேலை நாள் சமையல். தனியாளாக இருக்கும் நாளில் தொடாதீர்கள். முட்டை 6-ஐ வேகவைத்துக் கீறி, ஒரு வெங்காயம் வதக்கி, தொக்கு 4 கரண்டி, அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து முட்டையை உருட்டி எடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை சாப்பிடாத வீட்டில் அதே தொக்கில் கொண்டைக்கடலை. கூட வெள்ளரி, காரட் நறுக்கி வையுங்கள். சமைக்க வேண்டாத காயும் காய்தான்.

சிறுதானியம் பற்றி

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் செவ்வாய் அவருக்குச் சாமைப் பொங்கல் வைப்பேன். சாமை அரை டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளருக்குக் குறைவாக, தண்ணீர் இரண்டரை டம்ளர், 3 விசில், மிளகு சீரகத் தாளிப்பு. நார்ச்சத்து நல்லதுதான். ஆனால் சாமையும் மாவுச்சத்துதான், மருந்து இல்லை. "சிறுதானியம்தானே" என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவாக வைத்து, பக்கத்தில் பொரியலைத் தாராளமாக வையுங்கள். கேழ்வரகுக்கு வேறு ஒரு பெருமை உண்டு: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. பிள்ளைகளுக்காகத் தோசை மாவில் இரண்டு கரண்டி கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றுவேன். நிறத்தைப் பார்த்து முதல் வாரம் அழுதார்கள். "சாக்லேட் தோசை" என்று பெயர் வைத்தது மகள்தான், நான் மறுக்கவில்லை.

எல்லாம் கவிழ்ந்த நாள்

மழை, ரயில் தாமதம், மறுநாள் பரீட்சை. அப்படிப்பட்ட நாளுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். கெட்டி அவலைக் கழுவி 5 நிமிடம் ஊறவிட்டு, வேர்க்கடலையும் உறைந்த பட்டாணியும் சேர்த்துத் தாளித்தால் 12 நிமிடத்தில் அவல் உப்புமா. இல்லையென்றால் தயிர் சாதத்தில் துருவிய காரட், வெள்ளரி, மாதுளை முத்து, பக்கத்தில் ஆளுக்கொரு ஆம்லெட். ஊறுகாயைக் கொஞ்சமாக வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது, ஊறுகாய் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

மிச்சமும் பாத்திரமும்

மிச்சமான சாதத்தையும் சாம்பாரையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேடையிலேயே விடாதீர்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் மாற்றிப் பிரிட்ஜுக்குள் போக வேண்டும். ஆறிய சாதத்தில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மனைவி கழுவும்போது பையன் துடைத்து அடுக்குவான். அந்த நேரத்தில் நான் தொக்குப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து எத்தனை கரண்டி இருக்கிறது என்று எண்ணுவேன், பட்டியலில் நாளையக் கிழமையைப் பார்ப்பேன், தீர்ந்த சாமானைத் தாளின் ஓரத்தில் எழுதுவேன். நேற்று எழுதியது: பெருங்காயம், துவரம் பருப்பு அரைக் கிலோ, பிஸ்கட் வேண்டாம். கடைசிச் சொல்லைப் பையன் பேனாவால் அடித்துவைத்திருக்கிறான்.